மறுபடியும் 2027

கனடாவின் ஐடோஸ் மொன்றியல் நிறுவனம் 2011 ஆகஸ்டில் ஒரு கேமை வெளியிட்டது. பெயர் ‘டேயஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’. கதை நடக்கும் ஆண்டு 2027. அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜொகூர் பிள்ளைகளுக்கு அது எங்கோ தொலைவில் கிடந்த ஆண்டு. இன்று அது வாசலுக்கே வந்துவிட்டது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதை, தூண்களின் மேல் நீரிணையைத் தாண்டி நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை, ஆளுக்கு ஐந்தாறு நிமிடப் பயணம் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். 2026 முடிவதற்குள் ஓடவிட வேண்டும் என்பது அரசுகள் வைத்த இலக்கு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தக் கேமின் முடிச்சுகள் பலவும் அவிழும் கட்டம் சிங்கப்பூரில் நடக்கிறது. ஒமேகா ரான்ச் என்ற இரகசிய ஆய்வுக்கூடத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். ஜொகூர் பாரு கடற்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் தீவு, உலகம் முழுவதும் விளையாடப்பட்ட ஓர் அறிவியல் புனைகதையின் களமாக இருக்கிறது. நாவல் அளவுக்குக் கதை கொண்ட இந்தக் கேமைத் திரும்ப விளையாட ஜொகூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இதைத் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆடம் ஜென்சன், டெட்ராய்ட் நகரில் சரீஃப் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவன். செயற்கைக் கைகால், செயற்கைக் கண், மூளையோடு இணையும் கருவி ஆகியவற்றைச் செய்து விற்கும் நிறுவனம் அது. ஒரு நாள் ஆயுதக் கும்பல் உள்ளே புகுகிறது. ஜென்சனின் முன்னாள் காதலியான விஞ்ஞானி மேகன் ரீடும் அவளுடைய சகாக்களும் இறந்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். குற்றுயிராகக் கிடந்த ஜென்சனை முதலாளி டேவிட் சரீஃப் இயந்திர உறுப்புகள் பொருத்திப் பிழைக்க வைக்கிறார். அவனுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கும்பலை அனுப்பியவர் யார் என்று தேடி அவன் டெட்ராய்ட், சீனாவின் ஹெங்ஷா, மொன்றியல், சிங்கப்பூர் வழியாக வடதுருவக் கடல் வரை போகிறான்.

கதை தெரிந்த பிறகு மறுபடியும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டிமன்ற மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்த பிறகுதான் அது சரியா தவறா என்ற வழக்கே தொடங்குகிறது. இந்த வகைக் கேமில் மரத்துக்குப் பின்னால் வில்லோடு நிற்பது விளையாடுகிறவர். முதல் முறை அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பில் அம்பு கையை விட்டுப் போய்விடுகிறது. நாம் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று நிறுத்திப் பார்க்க இரண்டாவது முறைதான் இடம் கொடுக்கிறது. இப்படிப்பட்ட கேமை ஒரே தடவை முடித்தவர் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். மேகனோடு ஆய்வுக்கூடத்தின் வழியாக நடந்துபோகிறோம். அவள் ஆராய்ச்சி முடிவுகளை அறிவிக்க வாஷிங்டன் புறப்படும் அவசரத்தில் இருக்கிறாள். ஏதோ சொல்ல வருகிறாள், நிறுத்திக்கொள்கிறாள். முதல் முறை இதைப் பழைய காதலர்களுக்கு நடுவே இருக்கும் சங்கடம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அவளுடைய கண்டுபிடிப்பின் அடிப்படை ஜென்சனின் மரபணு என்பதும், அவனுக்குத் தெரியாமலே அதை ஆராய்ந்திருக்கிறாள் என்பதும் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அது தெரிந்து திரும்பி வந்தால் அந்தக் காட்சியில் ஒரு சொல்கூட மாறியிருக்காது, ஆனால் அவள் தயங்கும் ஒவ்வோர் இடமும் உறுத்தும். எழுத்துக் குழுவை வழிநடத்திய மேரி டிமார்லே இரண்டாம் வாசிப்பை மனத்தில் வைத்தே இதை அமைத்திருக்க வேண்டும்.

ஜென்சனின் வீடும் அப்படித்தான். கதைக்கு அவசியமில்லாத இடம். ஓடுகிற ஓட்டத்தில் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். குளியலறைக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. அதை மாற்றுவது இது முதல் தடவை இல்லை என்று காட்டும் குறிப்பும் வீட்டில் இருக்கிறது. மேசையில் பிரித்துப்போட்ட கடிகாரப் பாகங்கள். இரும்புக் கைகளால் சின்னச் சின்னத் திருகாணிகளைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். தன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணாடியை உடைக்கிறவனும் அவன்தான், பொறுமையாக உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்க்கிறவனும் அவன்தான். எந்த வசனமும் இதைச் சொல்வதில்லை. அறைக்குள் நின்று பார்க்க வேண்டும்.

ஜொகூரில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படி நின்று பார்க்கும் வசதி அப்போது இருந்ததில்லை. சைபர் கஃபேயில் மணிக்கணக்குக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறை நாங்கள். அங்கே கவுண்டர்-ஸ்டிரைக்கும் டோட்டாவும்தான் ஓடும். கதைக் கேமை அங்கே தொடங்கினால் மறுநாள் போகும்போது சேவ் கோப்பு அழிந்திருக்கும். வீட்டில் கணினி இருந்தவர்களும் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, அம்மா கூப்பிடுவதற்குள் முடிக்கப் பார்த்தவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது முப்பதுகளில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வேலைக்குப் போகிறார்கள், சொந்தச் சம்பளத்தில் கேம் வாங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு மறு ஆட்டம்தான் முதல் முழு ஆட்டம்.

இந்தக் கேமின் நேர்மையை நான் மதிக்கத் தொடங்கிய இடம் மிகச் சிறியது. ஜென்சன் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பணயக்கைதிகள் சிக்கியிருக்கிறார்கள். மேல்மாடியில் ஹெலிகாப்டர் போன்ற வாகனம் காத்திருக்கிறது, உடனே வரச் சொல்கிறார்கள். வேறு எந்தக் கேமாக இருந்தாலும் நாம் போகும்வரை உலகம் காத்திருக்கும் என்பது விளையாடுகிறவர்களின் அனுபவம். அதை நம்பி அலுவலகத்தைச் சுற்றிவந்து மற்றவர்களின் மின்னஞ்சல்களைப் படித்துக்கொண்டிருந்தால், போய்ச் சேரும்போது பணயக்கைதிகள் பிணமாகக் கிடப்பார்கள். அவசரம் என்று சொன்னது உண்மையிலேயே அவசரம்தான்.

இதைவிடப் பெரியது ஃபரிதா மாலிக்கின் கட்டம். ஜென்சனை ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் விமானி அவள். ஹெங்ஷாவுக்கு முதல் முறை போகும்போது, இறந்துபோன தன் தோழியின் வழக்கில் உண்மையைக் கண்டுபிடிக்க உதவி கேட்பாள். நாம் உதவலாம், உதவாமலும் போகலாம். இரண்டாவது முறை ஹெங்ஷாவில் இறங்கும்போது பெல்டவர் என்ற தனியார் படை அவளுடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறது. அவள் உள்ளே மாட்டிக்கொள்கிறாள். சுற்றிலும் வீரர்கள். என்னை விட்டுவிட்டுப் போ என்று ஜென்சனிடம் கத்துகிறாள்.

அன்று பலரும் ஓடிவிட்டார்கள். கோழைத்தனம் காரணமில்லை. கதையில் ஒரு துணைப் பாத்திரம் இப்படித் தன்னைத் தியாகம் செய்யும் காட்சியை எத்தனையோ சினிமாவில் பார்த்திருக்கிறோம். இதுவும் எழுதி வைக்கப்பட்ட சாவு என்று நம்பிவிட்டார்கள். அவளைக் காப்பாற்ற முடியும் என்று திரையில் எங்கும் எழுதிக் காட்டுவதில்லை. இருந்து போராடி, விமானம் வெடிப்பதற்குள் வீரர்களை வீழ்த்தினால் அவள் பிழைத்துப் பறந்துபோவாள். ஓடிப்போனவர்களுக்குக் கேம் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. சற்று நேரம் கழித்து, மனித உடலிலிருந்து கருவிகளைப் பிடுங்கி விற்கும் கும்பலின் இருப்பிடத்துக்குள் போவோம். அங்கே மேசைமேல் அவளுடைய உடல் கிடக்கும்.

இரண்டாவது முறை இந்தக் கட்டத்துக்கு வருகிறவர் முன்கூட்டியே தயாராக வருவார். இரண்டு ஊர்களுக்கு முன்னாலேயே தோட்டாக்களை மிச்சம் பிடிப்பார், பணத்தைச் சேர்ப்பார். ஓர் உயிர் போய்விடும் என்று தெரிந்துவிட்டதால் அதுவரை விளையாடும் விதமே மாறிவிடுகிறது. யாரையும் கொல்லாமல் முழுக் கேமையும் முடிப்பேன் என்று சபதம் எடுத்தவர்களுக்கு இங்கேதான் உண்மையான சோதனை. மாலிக்கைக் கொல்ல வந்த ஆட்களையும் உயிரோடு மயக்கி, நேரத்துக்குள் அவளையும் மீட்க வேண்டும். முடியாதது போலத் தோன்றும், முடியும். முடித்தவர்கள் அதைப் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி சிங்கப்பூர். நடுவழியில் ஊர் ஊராக ஒரு கோளாறு பரவுகிறது. செயற்கை உறுப்பு பொருத்தியவர்களுக்குத் திடீரென்று கண் மங்குகிறது, தலை சுற்றுகிறது. ஜென்சனின் பார்வையிலும் கோடுகள் ஓடுகின்றன. லிம்ப் என்ற மருத்துவ நிலையங்களுக்குப் போய்ப் புதிய பயோசிப் மாற்றிக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்கள். ஹெங்ஷா லிம்பில் சிப்பை மாற்றிவிட்டால் கோளாறு நின்றுவிடும். முதல் முறை யாரும் இதில் சந்தேகப்படத் தோன்றாது. மருத்துவமனை சொல்கிறது, செய்துகொள்கிறோம்.

அதற்கான விலையை ஒமேகா ரான்ச்சில் கொடுக்கிறோம். ஜாரோன் நமீர் என்ற கூலிப்படைத் தலைவனை எதிர்கொள்ளும் நேரத்தில், தை யோங் மருத்துவ நிறுவனத்தின் தலைவி ஜாவ் யுன் ரு ஒரு பொத்தானை அழுத்துகிறாள். புதிய சிப் வைத்திருந்தால் நம் சக்திகள் அத்தனையும் அணைந்துபோகும். அதுவரை சேர்த்த எதுவும் வேலை செய்யாமல், திரை முழுக்க இரைச்சலோடு சண்டை போட வேண்டும். சிப் மாற்றாதவருக்கு ஒன்றும் ஆகாது. அவள் அழுத்தியது பழைய சிப்பை எட்டாது.

மறு ஆட்டத்தில் அந்த மருத்துவமனைக்கு முன்னால் வந்து நிற்பது வேறு மாதிரியான அனுபவம். மங்கும் கண்ணோடு இன்னும் பல மணி நேரம் விளையாடப் போகிறோம் என்று தெரிந்தே வாசலைத் தாண்டிப் போகிறோம். அக்கம்பக்கத்தில் நிற்கும் சாதாரண மக்கள் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்ல நமக்கு எந்த வசனமும் கொடுக்கப்படவில்லை. கதை முழுவதிலும் எனக்கு மிக வலிக்கும் இடம் இதுதான். கடைசியில் வடதுருவத்திலிருந்து ஒரு சமிக்ஞை அனுப்பப்பட்டு இவர்கள் புத்தி பேதலித்து ஒருவரையொருவர் தாக்கப்போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியவில்லை. கேமில் செயற்கை உறுப்பு பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுவதும் நியூரோபோசின் என்ற மருந்தை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்முனைகளைச் சுற்றித் திசு வளர்ந்து இணைப்பு அறுந்துவிடும். மூளைக்குள் வைக்கும் மின்முனையைச் சுற்றி கிளியல் செல்கள் வடுவாகப் படிந்து சமிக்ஞையைக் கெடுப்பது உண்மையான மருத்துவச் சிக்கல். இன்னொன்று நடந்தே விட்டது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் பார்வை இழந்தவர்களுக்காக விழித்திரைக் கருவி செய்தது. 350க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். பிறகு நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைக் கைவிட்டு, நிதி நெருக்கடியிலும் விழுந்தது. கருவி பழுதானால் போய்க் கேட்க ஆளில்லாத நிலைக்கு அவர்கள் வந்தது 2022இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் பொருளுக்கு உத்தரவாதக் காலம் முடிந்துபோவது என்றால் என்ன என்பதை 2011லேயே ஒரு கேம் யோசித்திருக்கிறது. மூளைக்குள் வைக்கும் கருவி செய்யும் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதருக்கு அதைப் பொருத்தியது 2024 ஜனவரியில்தான்.

ஹெங்ஷாவை இரண்டு அடுக்கு நகரமாக வரைந்திருக்கிறார்கள். நடுவே பாங்கு என்ற பிரமாண்டத் தளம். மேலே வெளிச்சமும் நிறுவனக் கோபுரங்களும், கீழே வெயிலே படாத தெருக்களும் கொட்டில் அறைகளும். நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிற நம்மை இதோடு ஒப்பிட்டுப் பேசுவது இளைஞர்கள் நடுவே சகஜம். எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடில்லை. ஜொகூர் யாருடைய நிழலிலும் கிடக்கும் ஊர் இல்லை. ஆனால் கேமில் கேட்கப்படும் ஒரு கேள்வி இங்கே நேரடியாகப் பொருந்துகிறது: பெரிய கணினிகள் யாருடைய மண்ணில், எதைக் குடித்து ஓடுகின்றன?

கூலாய் வட்டாரத்துக்குப் போனால் தெரியும். பால்மரமும் பிறகு செம்பனையும் நின்ற தோட்டங்களில் இப்போது ஜன்னல் இல்லாத நீளமான கட்டடங்கள் எழும்புகின்றன. 664 ஹெக்டர் பரப்புள்ள கூலாய் யங் தோட்டத்தை வாங்கிய ஒய்டிஎல் குழுமம், 500 மெகாவாட் தரவு மைய வளாகத்தை அங்கே வளர்த்துவருகிறது. 2023 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்புக்காக என்விடியாவோடு கைகோத்தது. செடெனாக்கிலும் இஸ்கந்தர் புத்ரியிலும் இதே காட்சி. இவற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும் ஓட்ட மின்சாரமும் ஏராளமாக வேண்டும். 2024இல் ஜொகூர் மாநில அரசு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் தனிக்குழு அமைத்து, வந்தவற்றில் சுமார் 30 விழுக்காட்டை நிராகரித்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பாட்டிமார் விடியலில் வாளியோடு நடந்த வகை மண்ணில் இன்று செயற்கை நுண்ணறிவு பயிற்சி எடுக்கிறது.

கேமில் இந்தக் கணினிக்குள் மனிதர்களே இருக்கிறார்கள். தென் சீனக் கடலில் ரைஃபிள்மேன் பேங்க் என்ற இரகசியத் தளம். ஆட்களைக் கடத்திவந்து கைதிகளாக அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களை ஹைரான் என்ற கணினியோடு இணைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தத் தளத்தில் நச்சுவாயு திறந்துவிடப்படும்போது கைதிகளைக் காப்பாற்றுவதா, உண்மையைச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே விஞ்ஞானியைக் காப்பாற்றுவதா என்ற தேர்வை முன்னால் வைக்கிறார்கள். இரண்டு பொத்தான்கள்தான் கண்ணில் படும். வாயு வரும் அமைப்பையே போய்ச் சிதைத்தால் இரு தரப்பும் பிழைக்கும். யாரும் அந்த வழியைக் காட்டித் தருவதில்லை. முதல் முறை தேர்ந்தெடுத்துவிட்டு மனம் ஆறாமல் வந்தவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். முடிவு மோசம். வடதுருவத்தில் பாங்கேயா என்ற கட்டமைப்பின் கடைசி அறையில் நான்கு முடிவுகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றில் உலகத்துக்கு என்ன செய்தி போக வேண்டும் என்று தீர்மானிக்கிறோம், நான்காவதில் எல்லாவற்றையும் கடலில் மூழ்கடிக்கிறோம். அதுவரை மாலிக்கை மீட்டோமா, சிப்பை மறுத்தோமா, எத்தனை பேரைக் கொன்றோம் என்பதற்கெல்லாம் அந்த அறையில் பெரிய மதிப்பில்லை. சேவ் செய்துகொண்டு நான்கையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் ‘மாஸ் எஃபெக்ட்’ கேம் வரிசை மேலானது. 2007இல் எடுத்த முடிவை சேவ் கோப்பின் வழியாக 2012இல் வந்த மூன்றாம் பாகம் வரை சுமக்க வைத்தது. அதன் கடைசிக் காட்சியும் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை.

ஜென்சனின் கதை இனி வளருமா என்பது சந்தேகம். 2016இல் வந்த அடுத்த பாகமான ‘மேன்கைண்ட் டிவைடட்’ 2029ஆம் ஆண்டுப் பிராக் நகரத்தில், பல கேள்விகளைப் பாக்கி வைத்து நின்றது. 2022இல் ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் ஐடோஸ் மொன்றியலை வாங்கியது. 2024 ஜனவரியில் அங்கே 97 பேர் வேலை இழந்தார்கள். உருவாகிக்கொண்டிருந்த அடுத்த டேயஸ் எக்ஸும் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. இத்தனை கவனத்தோடு ஒரு குளியலறைக் கண்ணாடியை எழுதத் தெரிந்தவர்கள் இப்படிச் சிதறுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இந்த வகைக் கதையை நம்மவர்கள் செய்ய முடியாதா என்ற ஆசையும் எனக்கு உண்டு. ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமைச் செய்த லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் தயாரிப்புக் கூடம் இருக்கிறது. 2020இல் வந்த ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ முழுக்க மலேசியக் கைவண்ணம். 2023இல் தொரொந்தோவிலிருந்து வந்த ‘வெண்பா’, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கேமாக்கி அடுத்த ஆண்டே பாஃப்டா விருது வாங்கியது. கூலாய்த் தோட்டத்துக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கும் நடுவே ஒரு 2050ஐக் கற்பனை செய்ய வேண்டிய எல்லாமும் ஜொகூரில் இருக்கிறது. எழுதத்தான் ஆள் வேண்டும்.

அதுவரை ஜென்சனோடு மறுபடி நடக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2013இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பையே எடுங்கள். ரைஃபிள்மேன் பேங்க் பகுதி அதில் கதையின் நடுவே சரியான இடத்தில் வருகிறது. துப்பாக்கியால் மட்டுமே ஜெயிக்க முடிந்த பெரிய சண்டைகளைத் தந்திரத்தாலும் கணினியை ஊடுருவியும் முடிக்கும்படி திருத்தியிருக்கிறார்கள். சேர்த்த சக்திகளோடு புதிதாகத் தொடங்கும் நியூ கேம் பிளஸ் வசதியும் உண்டு, ஆனால் அதை மூன்றாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் எல்லாச் சக்தியும் இருந்தால் எந்தத் தேர்வும் கனக்காது. டெட்ராய்ட் காவல் நிலைய மேசையில் இருக்கும் ஹாஸிடம் நிதானமாகப் பேசுங்கள். பேசி இணங்க வைத்து உள்ளே போனால், ஊர் திரும்பும்போது ஜென்சன் குடியிருக்கும் கட்டடத்தில் அவனைத் தேடிப் பாருங்கள். உங்களால் வேலை போனதைப் பற்றி அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.